குளமும் குன்றும்

நம் சங்கத்துப் பெரியவர்கள் மாலையில் ஒன்றுகூடினால், பேச்சு எப்படியும் ஓர் ஆற்றங்கரையில் போய் நிற்கும். அது சித்தூரின் பொன்னையாறன்று. திருப்பதியை அடுத்தோடும் சுவர்ணமுகியும் அன்று. தாம் பிறந்த ஊரில் இளமையில் நீந்திய காவிரியோ பாலாறோ ஆகும். அருகே விளையாடும் சிறுவர்க்கோ கண்ணெதிரே நிற்கும் சேஷாசலச் சாரலே உலகம். இயற்கை ஒன்றே, அதனைக் காணும் கண்தான் வயதோடு மாறுகின்றது. இம்மாற்றத்தைக் கவிஞர்கள் எங்ஙனம் கண்டனர் என்பதைச் சிறிது நோக்குவோம்.

ஆங்கில நாட்டில் ரொமாண்டிக் கவிஞர் எனப் பெயர் பெற்றோருள் முன்னிற்பவர் வேர்ட்ஸ்வொர்த் (1770–1850). அவர் 1793-இல், தமது 23-ஆம் வயதில், வை என்னும் ஆற்றின் கரையைக் கண்டார். ஐந்தாண்டுகள் கழித்து, 1798 ஜூலையில், தங்கை டாரதியுடன் மீண்டும் அங்கு வந்தார். அவ்வருகையில் பிறந்ததே டின்டர்ன் மடத்தின் பெயரால் வழங்கும் கவிதை. சிறுபருவத்தில் இயற்கை அவருக்கு உடலின் துள்ளல். இளமையில் அடங்கா வேட்கை. பின்னரோ அதே இயற்கையினூடே மனித குலத்தின் துயரமும் அவர் செவிக்கு எட்டிற்று. இழந்த களிப்புக்கு ஈடாக ஆழ்ந்த சிந்தனை வாய்த்தது என்று அவர் ஆறுதல் கொண்டார். ஆயினும் 1807-இல் வெளியான வேறொரு பாட்டில், குழந்தைக் கண் கண்ட பேரொளி மறைந்ததே என்று ஏங்குகின்றார். அவ்வாறுதல் எளிதில் கிட்டியதன்று என்பது இதனால் விளங்கும்.

அவருக்குப் பன்னூற்றாண்டு முன்னரே இதே ஏக்கத்தைப் பாடிய தமிழ் முதியவர் ஒருவர் உண்டு. அவர் பாட்டு புறநானூற்றின் 243-ஆம் பாடல். இயற்பெயர் மறைந்து, பாட்டில் வரும் தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெறுகிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு கைகோத்து ஆடியதும், நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையேறிக் கரையிலுள்ளோர் வியக்கக் குதித்ததும், ஆழத்து மணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் நிற்கின்றன. இன்றோ கையில் கோல், பேச்சினிடையே இருமல். அவ்விளமை எங்குற்றது என்று இரங்குவதோடு பாட்டு முடிகின்றது. வேர்ட்ஸ்வொர்த்துக்குக் கிட்டிய ஆறுதல் இங்கில்லை.

மூன்றாவது விடையொன்றும் உண்டு. அது நாம் வாழும் மலையைப் பற்றியதே. அரச வாழ்வை வேண்டாவென ஒதுக்கிய குலசேகர ஆழ்வார், பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில், வேங்கடத்துக் குருகாக, மீனாக, செண்பக மரமாக, கானாறாகப் பிறக்க வேண்டுகிறார். மேலும், பிறர் மிதித்தேறும் படியாகக் கிடக்கவும் விழைகிறார். இன்றும் திருமலைக் கருவறை வாயிற்படி குலசேகரப்படி என்றே வழங்குகின்றது. இங்கே இயற்கை நுகர்தற்குரிய பொருளன்று. தாமே அதனுள் ஒன்றாகி, பிறர்க்குப் பயன்படும் நிலை.

தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகின் வட எல்லையாகக் கூறியது இவ்வேங்கடத்தையே. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடுகள் இடம்பெயர்ந்தன. குன்று பெயரவில்லை.

வேர்ட்ஸ்வொர்த் தம் கவிதையின் முடிவில் தங்கைபால் திரும்பி, அந்நினைவை அவளிடம் ஒப்படைக்கிறார். நம் புறநானூற்று முதியவருக்கோ பாட்டினுள் கேட்பார் எவருமிலர். அவர் துயரில் ஒரு பாதி முதுமையினது. மறுபாதி அத்தனிமையினது என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் பெரியோர் பிறந்த மண்ணின் குளத்தை இங்குள்ள பிள்ளைகள் கண்டதில்லை; இங்குள்ள பிள்ளைகளின் மலையைப் பெரியோர் தம் இளமையில் அறிந்ததில்லை. ஒரு மாலையேனும் இருவரும் சேர்ந்து அம்மலையடிவாரத்தில் நடப்போமாக. குளத்தின் கதையைப் பெரியோர் சொல்லட்டும். மலையைப் பிள்ளைகள் காட்டட்டும். அடுத்த தலைமுறை ஏறிச் செல்லும் படியாக அமைவதினும் முதுமைக்கு வேறு பேறுண்டோ?