கொப்பரையிலிருந்து கல்லீரலுக்கு

பொள்ளாச்சித் தோப்புகளில் இறக்கிய தேங்காய் லாரி ஏறிக் காங்கேயம் வந்து சேர்கிறது. மழையை மேற்குத் தொடர்ச்சி மலையே வாங்கிக்கொள்வதால், காங்கேயத்துக்கு மிஞ்சுவது வெயிலும் காய்ந்த காற்றும். மாட்டுக்கும் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்துக்கும் பேர்போன மண் கொப்பரைக்கும் வாகாக அமைந்தது அதனால்தான். களத்தில் காயை இரண்டாக உடைத்துத் தண்ணீரை வடித்து, வாய் மேலே பார்க்கப் பரப்புகிறார்கள். வெயிலில் பருப்பு சுருங்கித் தொட்டியை (சிரட்டையை) விட்டு விலகும். தொட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி காய வைக்க வேண்டும். வரும்போது ஏறக்குறைய பாதி ஈரமாக இருந்த பருப்பில், கடைசியில் 6 சதவீத ஈரம்தான் மிஞ்சலாம். கையில் எடுத்து ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும்.

நல்ல கொப்பரையின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். அந்த எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதிலும் பெரும்பங்கு லாரிக் அமிலம். சூடான அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் அதன் அடுத்த பயணம் தொடங்குகிறது. குடலில் பித்தநீர் அதைச் சிறு துளிகளாக்க, நொதிகள் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கின்றன. நீளமானவை நிணநீர் வழியாகச் சுற்றிப் போகும். குட்டையானவை குடலிலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகும். லாரிக் அமிலம் இரண்டு வழியிலும் போகிறது.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் நாம் விழுங்கும் பாராசிட்டமால் வந்து சேருவதும் அதே கல்லீரலுக்குத்தான். 1870-களின் கடைசியில் அமெரிக்காவில் ஹார்மன் மோர்ஸ் தயாரித்த பொருள் அது. அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1950-களில்தான் மருந்துக்கடைக்கு வந்தது. அளவு மீறினால் அது கல்லீரலை அழிக்கும் என்று 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிக்கை வந்தது.

சரியான அளவில் எடுத்தால் மாத்திரையின் பெரும்பகுதியைக் கல்லீரல் சர்க்கரையோடும் கந்தகத்தோடும் இணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். ஒரு சிறு பங்கை மட்டும் செல்லுக்குள் இருக்கும் சவ்வில் பதிந்த நொதிகள் ‘நாப்கி’ என்ற நச்சாக மாற்றும். செல்லின் காவல் பொருளான குளூட்டத்தையோன் அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறும்போது நச்சு பெருகி, குளூட்டத்தையோன் தீர்ந்துபோகிறது. பிறகு நாப்கி செல்லின் புரதங்களையே பற்றிக்கொள்கிறது. இந்தக் கணக்கை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

நொதிகள் பதிந்திருக்கும் அந்தச் சவ்வில் கொழுப்பு முக்கியப் பங்கு. நாம் எந்த எண்ணெயைச் சாப்பிடுகிறோமோ, அதன் சாயல் நாளடைவில் சவ்விலும் ஏறும். அப்படியானால் எண்ணெயை மாற்றிக் கல்லீரலைக் காக்க முடியுமா? 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் தின்ற எலிகளுக்குப் பாராசிட்டமாலின் சேதம் குறைந்தது. சவ்வின் கொழுப்பமைப்பு மாறியதே காரணம் என்றார்கள். நம் தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் ஜெயித்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் 1991-இல் வந்த இன்னோர் ஆய்வில் சுண்டெலிகளைக் காத்தது மீன் எண்ணெய், அதாவது இதற்கு நேர் எதிர்வகைக் கொழுப்பு. எலிக்கூண்டில் கிடைத்த விடையே இப்படி இரண்டாகப் பிரிந்திருக்கும்போது, அதை எண்ணெய்ப் புட்டியின் மேல் எழுதி விற்க எவருக்கும் உரிமை கிடையாது. செக்கு எண்ணெயைச் சுவைக்காக வாங்குங்கள், களத்தில் வேகிறவர்களின் உழைப்புக்காக வாங்குங்கள். மாத்திரையின் நச்சுக்குக் காப்பு என்று வாங்காதீர்கள்.

மனிதர்களில் தெரிந்த விஷயம் வேறு. குளூட்டத்தையோன் உருவாகச் சிஸ்டீன் வேண்டும், அது புரதத்திலிருந்து வருகிறது. பல நாள் சோறு இறங்காமல் கிடப்பவருக்கும், தொடர்ந்து குடிப்பவருக்கும் அந்தக் கையிருப்பு குறைந்திருக்கும். காய்ச்சல் என்று பட்டினி போட்டு, காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, மேல்வலி மாத்திரை என்று மூன்றையும் விழுங்கும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

அளவு மீறிவிட்டது தெரிந்தால் எண்ணெயோ நெய்யோ ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடலாம். எலிவிஷம் தின்றவருக்கும் எண்ணெய் கூடாது: 2022-இல் தமிழ்நாடு அரசு தடை செய்த எலிவிஷத்திலிருந்த மஞ்சள் பாஸ்பரஸ் கொழுப்பில் கரையும். அங்கே எண்ணெய் கொடுப்பது விஷத்தை உடம்புக்குள் ஏற்றிவிடுவதற்குச் சமம்.

பாராசிட்டமால் அளவு மீறினால், முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். குமட்டல் வந்து போகும், பேச்சு தெளிவாக இருக்கும். ‘ஒண்ணுமில்லீங்க’ என்பார். அதை நம்பி வீட்டில் வைத்திருந்தால், மஞ்சள் காமாலை தெரியும்போது கல்லீரல் வெகுதூரம் கெட்டிருக்கும். 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எதை, எப்போது சாப்பிட்டார் என்று மறைக்காமல் சொல்லுங்கள், காலி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்றுவது என்-அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன குளூட்டத்தையோனைத் திரும்பச் செய்துகொள்ளச் செல்லுக்கு வேண்டிய சரக்கு. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுக்கத் தப்பும். தாமதமானாலும் பலன் உண்டு, ஆகவே நேரமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். வழக்கமான முறையில் சொட்டு சொட்டாக 21 மணி நேரம் ஏறும், பிறகு ரத்தத்தைப் பார்த்து நிறுத்துவதா தொடர்வதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.