டன்டீ நகரத்து மாணவர் விளையாட்டுகள்

ஸ்காட்லாந்தின் டன்டீ நகரைப் பலருக்குத் தெரியாது. ஆனால் அங்கே பிறந்த 'லெமிங்ஸ்' (1991), 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' (1997) தெரிந்திருக்கும். அந்த ஊர் அபர்டே பல்கலைக்கழகம் 1997-லேயே கணினி விளையாட்டுக்கென்று பட்டப்படிப்பு தொடங்கியது. பட்டம் மட்டும் போதுமா? குழுவாக உழைத்து, குறித்த நாளில் முடிக்கும் பழக்கமும் வேண்டுமே! அதற்குக் களமாக அமைந்தது 'டேர் டு பி டிஜிட்டல்' போட்டி. ஐந்து மாணவர்கள் கொண்ட குழு, கோடையில் ஒன்பது பத்து வாரங்களில் ஒரு மாதிரி விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும்.

உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். 'புரோட்டோபிளே' திருவிழாவில் பொதுமக்களே வந்து ஆடிப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். புரியாமல் பாதியில் எழுந்துபோகும் எட்டு வயதுப் பையனிடம் என்ன விளக்கம் சொல்வது? (எந்தப் பேராசிரியரும் இவ்வளவு கறாராக மார்க் போட மாட்டார்!) வென்ற மூன்று குழுக்கள் பாஃப்டாவின் 'ஒன்ஸ் டு வாட்ச்' விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. பின்னாளில் இந்தப் போட்டி நின்று, 'டேர் அகாடமி' அதன் இடத்துக்கு வந்தது.