சில்வியா ராபர்ட்ஸ்

சில்வியா ராபர்ட்ஸ் (1933–2014) அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரில் தொழில் நடத்திய வழக்கறிஞர். வேலையில் பெண்களுக்குக் காட்டப்பட்ட பாகுபாட்டை எதிர்த்து வாதாடியவர். 'வீக்ஸ் எதிர் சதர்ன் பெல்' வழக்கில் 1969இல் அவர் பெற்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், வேலையில் பால் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் ஒரு விலக்கும் தந்தது: வேலையின் தன்மையே ஆணையோ பெண்ணையோ கேட்கிறது என்றால், அப்படித் தேர்ந்தெடுக்கலாம். இந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதை நீதிமன்றங்கள் அப்போது இன்னும் அளந்து பார்த்திருக்கவில்லை. நிறுவனங்கள் அதை மிக அகலமாகவே எடுத்துக்கொண்டன.

ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் பெல் தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய லொரீனா வீக்ஸ், 1966இல் 'ஸ்விட்ச்மேன்' வேலைக்கு விண்ணப்பித்தார். தொலைபேசி நிலையத்தின் இணைப்புக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை அது, சம்பளமும் கூடுதல். பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த ஓர் ஆணுக்கு நிறுவனம் அதைக் கொடுத்தது. பெண்கள் 30 பவுண்டுக்கு (சுமார் 13.6 கிலோ) மேல் தூக்கக் கூடாது என்ற மாநில விதியைக் காரணம் காட்டியது. அதே நிறுவனத்தில் அவருடைய தட்டச்சுப் பொறியின் எடை 34 பவுண்டு. அதைத் தூக்க மறுத்த வீக்ஸ், பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

கீழமை நீதிமன்றத்தில் வீக்ஸ் தோற்றார். அதன்பின் 'தேசியப் பெண்கள் அமைப்பு' வழக்கை ஏற்றது. மூத்த வழக்கறிஞர் மார்கெரிட் ராவால்ட்டின் துணையோடு, ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ராபர்ட்ஸ் வாதாடினார். சிறிய உருவம் கொண்ட அவர், அந்த வேலைக்குரிய கருவிகளை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நடந்து காட்டியதாகச் சொல்லப்படுவதே பலருக்கும் நினைவிருக்கிறது. காட்சியைவிட வாதம் கனமானது. விலக்கு கோருவது நிறுவனம் என்பதால் மெய்ப்பிக்கும் பொறுப்பும் அதனுடையதே என்றார் அவர்.

1969 மார்ச்சில் வந்த தீர்ப்பை நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் எழுதினார். பெண்கள் அனைவராலும், அல்லது ஏறக்குறைய அனைவராலும், அந்த வேலையைப் பாதுகாப்பாகவும் திறமையாகவும் செய்ய முடியாது என்பதற்கு உண்மை ஆதாரத்தை நிறுவனமே காட்ட வேண்டும். 'கடினமான வேலை' என்று பெயர் சூட்டினால் போதாது. நள்ளிரவில் தனியாகப் பழுது பார்க்கப் போக நேரும் என்ற வாதமும் எடுபடவில்லை. கூடுதல் சம்பளத்துக்காக அந்தச் சிரமத்தை ஏற்பதா வேண்டாமா என்பதை ஆண்களைப் போலவே பெண்களும் தாங்களே முடிவு செய்யலாம் என்றது நீதிமன்றம். தீர்ப்பு வந்தும் நிறுவனம் இழுத்தடித்தது. 1971இல்தான் வீக்ஸுக்கு அந்த வேலையும் 31,000 டாலர் நிலுவைத் தொகையும் கிடைத்தன.

இந்த அளவுகோல் பிற வழக்குகளிலும் தொடர்ந்தது. ஈயம் கையாளும் மின்கலத் தொழிற்சாலை வேலைகளிலிருந்து கருத்தரிக்கக்கூடிய பெண்களை விலக்கிய ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்துக்கு எதிராக, 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது வீக்ஸ் வழக்கையும் மேற்கோள் காட்டியது.

ராபர்ட்ஸ் அடுத்துக் கையில் எடுத்தது பல்கலைக்கழகத்தை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நிரந்தரப் பணி மறுத்த உயிர்வேதியியலாளர் ஷேரன் ஜான்சனுக்காக அவர் வாதாடி, 1973இல் இடைக்காலத் தடை பெற்றார். எடையைத் தராசில் நிறுத்துவிடலாம். ஆய்வாளரின் தகுதியை அப்படி நிறுக்க முடியாது. முழு விசாரணைக்குப் பின் 1977இல் தீர்ப்பு பல்கலைக்கழகத்தின் பக்கம் போயிற்று. பிற்காலத்தில் அவர் குடும்ப வன்முறைக்கு எதிரான பணிகளிலும் ஈடுபட்டார்.