மரைக்கார்: ஒரு பதவியின் வரலாறு

பேருவளையிலோ கொழும்பிலோ ‘மரைக்கார்’ என்று ஒருவர் சொன்னால் அது ஒரு மனிதருடைய பெயரின் பின்பகுதி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ‘மரைக்காயர்’ என்றால் அது கப்பலோட்டிப் பொருள் ஈட்டிய ஒரு வகுப்பாரின் பெயர். சிங்கள நாட்டுப்புறங்களில் ‘மரக்கல’ என்றால் அது முஸ்லிம் மக்கள் எல்லோரையும், பெரும்பாலும் சற்றே இளக்காரத்தோடு, சுட்டும் சொல். ஆனால் மருதமுனையிலும், அதற்குத் தெற்கே கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தொடரும் ஊர்களிலும் அது பெயருமன்று, வகுப்புமன்று. பள்ளிவாசலோடு ஒட்டிய ஒரு ஸ்தானம். கலியாண வீட்டு முற்றத்தில் பந்தற்கால் நடுவதற்கு முன்பே “மரைக்காருக்குச் சொல்லியாச்சா?” என்று பெரியவர் ஒருவர் கேட்பாரானால், அவர் விசாரிப்பது ஊரின் சம்மதம் பெறப்பட்டதா என்பதையே.

சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உள. கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். மரக்கலத்துக்கு உரியவர் என்ற பொருளில் ‘மரக்கலராயர்’ என்பது தேய்ந்து ‘மரக்காயர்’ ஆயிற்று என்பார் மறு சாரார். தமிழில் தேய்ந்துபோன லகரத்தைச் சிங்களம் ‘மரக்கல’ என்று இன்றளவும் கெடாமல் காத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது, பின்னதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும், சொல் கடலிலிருந்து கரையேறியது என்பதில் வழக்கில்லை.

கரையேறும்போதே அது யுத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் போர்த்துக்கேயருக்கு எதிராக ஒரு நூற்றாண்டுக் காலம் பொருதவர்கள்; சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட மரைக்காயர் படை 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் முறியடிக்கப்பட்டது; கடைசிக் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். அதன்பின் 1626ஐ ஒட்டிப் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. வந்தவர்களுக்கு முன்னரே இங்கிருந்த முஸ்லிம்களும் உண்டு. கிழக்கின் களிமண்ணில் அச்சொல் வேரூன்றியபோது அதிலிருந்த கப்பல் மறைந்துவிட்டது, எஞ்சியது தலைமை.

அந்தத் தலைமை இங்கே எதன்மேல் கட்டப்பட்டது என்பதுதான் இவ்வாராய்ச்சியின் சாரமான பகுதி. மட்டக்களப்புத் தமிழரைப் போலவே இப்பகுதி முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்தவர்கள்: லெப்பைக் குடி, ராசாம்பிள்ளைக் குடி, வரிசைநாச்சி குடி என்பன போன்ற பெயர்கள் அவற்றுக்கு உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். மணமான ஆடவன் மனைவியின் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகும். கோயிலில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் வண்ணக்கர் நிற்பதுபோல, பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்தார். ஒரே வீட்டில் உண்டு உறங்கும் தகப்பனும் மகனும் இரு வேறு குடியினராதலால், தகப்பன் வகித்த மரைக்கார் ஸ்தானம் மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்கே போகும். மார்க்கச் சட்டத்தின் வாரிசுரிமைப் பங்கீட்டை ஓதிக் கற்றவர்கள் நிறைந்த ஊரில், பள்ளிவாசலின் நிர்வாகமே மருமகன்வழி இறங்கிற்று என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்புத்தான். அதை அக்காலத்து ஆலிம்கள் பலர் முரண்பாடாகக் கருதியதாகவும் தெரியவில்லை.

மரைக்கார் ஆலிம் அல்லர். தொழுகை நடத்தும் லெப்பையும் அல்லர். அவருக்கு வேண்டியிருந்தது கல்வியன்று, குடியின் நம்பிக்கை. சீதனத் தகராறு, வேலி எல்லைச் சச்சரவு, கடன் பிணக்கு, ஒழுக்கக்கேடு என்று ஊரில் எழும் விவகாரங்கள் மரைக்கார்மார் கூடிய சபைக்கு வந்தன; சபை விசாரித்துக் குற்றப்பணம் விதித்தது, மன்னிப்புக் கேட்க வைத்தது, பணியாதவனை விலக்கி வைத்தது. விலக்கப்பட்டவன் வீட்டுக் கலியாணத்துக்கு ஒருவரும் போகமாட்டார் என்பதைவிட, அவன் வீட்டு ஜனாஸாவைத் தூக்க நாலுபேர் வரமாட்டார்கள் என்பதே பெரிய அச்சம். தண்டிக்கும் பலம் இவ்வாறு வேதத்திலிருந்தன்று, அண்டை அயலின் கால்களிலிருந்தே பிறந்தது. பொது ஒழுக்கத்தை மதம் காத்தது என்று நாம் இன்று சொல்லும்போது, அதைக் காத்தது பெரும்பாலும் ஊர் என்பதையும், ஊர் பள்ளிவாசலின் திண்ணையில் உட்கார்ந்து பேசியது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

சிங்களத்துக்குப் போன அதே சொல்லின் கதி வேறு. கம்பளைத் தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழக்கலாமா என்ற வழக்கில், தேவாலயத்துக்குச் சார்பான தீர்ப்பை 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில் வெசாக் இரவொன்றில் கண்டியில் மூண்ட கலகம் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. சிங்கள வழக்கில் அதற்கு ‘மரக்கல கோலாகலய’ என்று பெயர். நமக்குக் கோலாகலம் என்றால் திருவிழா, அவர்களுக்குக் கலவரம். மேளத்தின் ஓசை ஒருவருக்கு வழிபாடும் மற்றவருக்கு அவமதிப்பும் ஆன அக்கம்பளைத் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எவரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது.

கிழக்கில் மரைக்காரின் அதிகாரத்தைக் குறைத்தது கலகமன்று, காகிதம். 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதன்பின் வந்த 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் மணமுறிவு விவகாரங்களைக் காதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ‘நம்பிக்கையாளர்’ என்ற புதுப்பெயர் சூட்டியது. அதன்பின் குடி தெரிந்தெடுத்தவர்க்கும் கொழும்பிலிருந்து நியமனக் கடிதம் வரவேண்டியதாயிற்று. அதே 1956இல்தான் கல்முனைத் தொகுதியில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவில் தொகுதியில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்று, பிறகு அரசாங்கப் பக்கம் சேர்ந்தார்கள். அதைத் துரோகம் என்று ஒரு சாராரும் ஊரின் நலன் என்று மற்றொரு சாராரும் இன்றும் வாதிக்கிறார்கள். கொழும்புக் கடிதத்தால் பதவி நிலைபெறும் காலத்தில் கொழும்பை நோக்கி நடப்பது அரசியல்வாதிக்கு எளிதாயிருந்தது என்று மட்டும் நான் சொல்வேன்.

1981இல் காத்தான்குடியில் தோன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம். எச். எம். அஷ்ரபின் தலைமையில் 1988 வடகிழக்கு மாகாணசபைத் தேர்தலில் 17 ஆசனங்களை வென்றபோது, குடிகளைக் கடந்த ஒரு ‘சமூகம்’ அரசியலில் பிறந்ததாகக் கருதப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் வளர்ந்த தவ்ஹீத் இயக்கத்தார், குடியும் குடிமரைக்காரும் மார்க்கத்தில் இல்லாதவை என்றும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் இணைவைப்பு என்றும் கண்டித்துத் தமக்கெனப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டார்கள். கட்சி ஒருபுறமும் கொள்கை மறுபுறமுமாக இழுக்க, மரைக்கார் முறை தானாகவே ஓய்ந்துவிடும் என்று பலர் எண்ணினர்.

ஓயவில்லை, வேறு வேடத்தில் வந்தது. 1987இல் கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் ஒன்றாக்கப்பட்டதில் தன் சபையை இழந்த சாய்ந்தமருது, 2017இன் இறுதியில் தனி உள்ளூராட்சி சபை கேட்டுக் கடைகளை அடைத்தது. பெரிய ஜும்ஆப் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபையே முன்னின்று சுயேச்சைக் குழுவொன்றை நிறுத்த, தோடம்பழச் சின்னத்தில் போட்டியிட்ட அக்குழு 2018 பெப்ரவரி 10ஆம் தேதித் தேர்தலில் பெரிய கட்சிகளை அவ்வூரில் மண்கவ்வச் செய்தது. கேட்டது சபை, எதிர்த்தவர்களும் முஸ்லிம்களே, பிரிப்பதானால் 1987க்கு முன்பிருந்தபடி நாலாகவே பிரிக்க வேண்டும், மருதமுனையை உள்ளடக்கிய கரைவாகு வடக்கும் தனியே வேண்டும் என்பது மற்றப் பக்கத்தின் வாதம். இதில் மார்க்கப் பிரச்சினை ஒன்றுமே இல்லை. ஆயினும் பேசப்பட்ட இடம் பள்ளிவாசலாதலின், மாற்றி வாக்களிப்பவன் ஊருக்குத் துரோகி மட்டுமல்லன், பள்ளியை மீறியவனுமானான். இலங்கையின் தேர்தற்சட்டம் ஆன்மிகக் கேடு காட்டி வாக்காளரை அச்சுறுத்துவதைத் தகாச் செல்வாக்கு என்று குற்றமாக்கியிருப்பது இத்தகைய நெருக்கடியை எண்ணித்தான். ஊரின் கோரிக்கை நியாயமானதென்றே நான் கருதுகிறேன். ஆனால் குடிக்கொருவராக இருந்து ஒருவரையொருவர் மறுத்துப் பேசிய பழைய மரைக்கார் சபையில், ஒரே குரலில் பேசவேண்டிய கட்டாயம் இருந்ததில்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகரசபை தரும் வர்த்தமானி வெளியாகி, சில நாட்களுக்குள்ளேயே கைவிடப்பட்டது.

இதை முஸ்லிம்களுக்கே உரிய நோய் என்று எண்ணுபவர் 2019 ஜூன் மாதக் கல்முனையை நினைவுகூர வேண்டும். கல்முனை வடக்குத் தமிழ் உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி அந்நகரின் பௌத்த விகாராதிபதியும் இந்துக் குருக்களும் ஒரே பந்தலில் உண்ணாவிரதமிருந்தார்கள். சற்றுத் தள்ளி முஸ்லிம்கள் எதிர்ச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி வரும் தெருவில், காணிப் பதிவும் பிறப்புச் சான்றும் எந்த அலுவலகத்தில் பெறுவது என்ற கேள்விக்கு மூன்று மதங்களின் ஆடைகள் தேவைப்பட்டன.

இன்று பள்ளிவாசல்களின் கடிதத் தலைப்புகளில் ‘நம்பிக்கையாளர் சபை’ என்றே அச்சாகிறது. புதிய பள்ளிகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சங்கங்களின் மாதிரியே நிர்வாகம். குடியின் பெயரை இளைஞர் பலர் அறியார். ஆனால் சபையிலுள்ளவரைப் பற்றி வீட்டுக்குள் பேசும்போது முதியவர்கள் ‘மரைக்கார்’ என்றே சொல்கிறார்கள், அவர் எந்தக் குடிக்காரர் என்ற விசாரணையையும் கூடவே தொடங்குகிறார்கள்.