நியூயார்க் தின்று தீர்த்த வடிகட்டி

மன்ஹாட்டனின் தென்முனையில் பேர்ல் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. வேலை விஷயமாக முதல்முறை அங்கே போனபோது, இங்கே யாரோ முத்து விற்றிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படியில்லை. ஒரு காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. லெனாபே பழங்குடியினர் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் அங்கே குவிந்து கிடந்தன. தெருவுக்குப் பெயர் அதிலிருந்து வந்தது.

1609இல் ஹென்றி ஹட்சனின் கப்பல் வந்தபோது, இந்தத் துறைமுக நீரின் அடியில் சுமார் 2,20,000 ஏக்கர் சிப்பித் திட்டுகள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஆய்ஸ்டர் எனப்படும் இந்தச் சிப்பி, தண்ணீரை உள்ளே இழுத்து, பாசியையும் சேற்றுத் துகளையும் செவுளில் பிடித்துக்கொள்ளும். பாசியைத் தின்னும்; வேண்டாததைச் சளியில் உருட்டி அடியில் போட்டுவிடும். வளர்ந்த ஒரு சிப்பி, நல்ல சூழலில், ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும். பாசி அளவுக்கு மீறிப் பெருகி அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். அதைத் தடுக்க உதவுவது சிப்பி.

19ஆம் நூற்றாண்டில் ஏழை, பணக்காரர் எல்லோரும் சிப்பி தின்றார்கள். ஓடுகளை, நம் ஊரில் கிளிஞ்சலைச் சுடுவதுபோல, சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பெரிய தப்பு அதுதான். மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சு கெட்டியான ஒன்றில் ஒட்டிக்கொண்டால்தான் பிழைக்கும். அதற்குச் சிறந்த இடம் பழைய ஓடு. ஓடு போனதும் அடுத்த தலைமுறைக்கு வீடே இல்லை.

இயற்கைத் திட்டுகள் தீர்ந்ததும், செசபீக் விரிகுடாவிலிருந்து இளஞ்சிப்பிகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். மேரிலாந்தில் சுதந்திரக் கறுப்பின மக்களை நெருக்கிய சட்டங்களிலிருந்து விலகி வந்த சிப்பித் தொழிலாளர்கள், ஸ்டேட்டன் தீவில் சேன்டி கிரவுண்ட் என்ற ஊரில் குடியேறினார்கள். இந்தத் தொழிலில்தான் அவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் நகரம் தன் சாக்கடையைக் கடலில் விட்டது. சிப்பி வழியாக டைபாய்டு பரவியது. ஒவ்வொரு திட்டாக மூடினார்கள். 1927இல் நகரின் கடைசித் திட்டும் மூடப்பட்டது. தண்ணீரைக் கெடுத்தது முழு நகரம். பிழைப்பை இழந்தது அந்தக் குடும்பங்கள்.

1972இல் வந்த தூய நீர்ச் சட்டத்துக்குப் பிறகு துறைமுகம் மெல்லத் தேறியது. 2014இல் தொடங்கிய பில்லியன் ஆய்ஸ்டர் ப்ராஜெக்ட், 2035க்குள் 100 கோடி சிப்பிகளை வளர்க்கப் பார்க்கிறது. உணவகங்களில் மிஞ்சும் ஓடுகளை வெயிலில் காயவைத்து, அவற்றில் குஞ்சுகளை ஒட்டவைத்துக் கடலுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். பள்ளி மாணவர்களும் இதில் வேலை செய்கிறார்கள்.

ஆனாலும் அந்தச் சிப்பிகளை இன்னும் தின்ன முடியாது. நகரின் பெரும்பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். கனமழை பெய்தால் இரண்டும் சேர்ந்து கடலுக்குப் போகும். சாக்கடைக் கிருமியைச் சிப்பி அழிப்பதில்லை. தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது.

லண்டனிலும் டொராண்டோவின் பழைய பகுதிகளிலும் இதே மாதிரிக் குழாய்கள்தான். அங்கே இருக்கிறீர்களா? அப்படியென்றால் கனமழை நாளில் துணி துவைப்பதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.