முடிச்சு அவிழ்ந்த பிறகு

கொலை செய்தவன் யார் என்பதைக் கடைசி ரீல் வரையில் மறைத்து வைப்பதுதான் நல்ல மர்மப் படத்துக்கு இலக்கணம் என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. மறைப்பதற்காக மனிதர்கள் பட்டிருக்கும் பாடும் கொஞ்சநஞ்சமல்ல. லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'மௌஸ்டிராப்' நாடகம் 1952-ல் மேடை ஏறியது. கொரோனாக் காலத்தில் திரை விழுந்திருந்த மாதங்கள் நீங்கலாக, அன்று முதல் தொடர்ந்து நடந்து வருகிறது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், ரகசியத்தை வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று ரஸிகர்களைக் கேட்டுக் கொள்வது அங்கே வழக்கம். 1960-ல் 'சைக்கோ' படம் வெளியானபோது, காட்சி தொடங்கிய பிறகு யாரையும் கொட்டகைக்குள் விடக் கூடாது என்று ஆல்பிரட் ஹிட்ச்காக் கண்டிப்பாக ஏற்பாடு செய்திருந்தார்.

காவல் எல்லாம் சரிதான். ஆனால் ரகசியத்துக்கு ஆயுள் ஒரே ஒரு காட்சி. முதல் ஆட்டம் பார்த்தவன் தெருமுனை டீக்கடையில் வாயைத் திறந்தால் போயிற்று. அப்படியிருந்தும், முடிவு ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும் சில மர்மப் படங்களை ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களே, அது எதனால்? முடிச்சு அவிழ்ந்த பிறகும் கையில் ஏதோ மிஞ்சுகிறது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்கு நம் தமிழ்ப் படங்களிலேயே நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஏவி. எம். தயாரிப்பில், வீணை எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்து, 1954 ஏப்ரலில் சித்திரைப் பிறப்பை ஒட்டி வெளிவந்த 'அந்த நாள்'தான் அது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு டஜன் பாட்டாவது இல்லாவிட்டால் படமே அல்ல என்றிருந்த காலத்தில், சங்கீதத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒரு மனிதர் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. படத்தின் நீளம் 12,500 அடி. அன்றைய படங்களோடு பார்த்தால் குட்டைதான்.

படம் ஆரம்பிக்கும்போதே துப்பாக்கி வெடிக்கிறது. ரேடியோ எஞ்சினீயர் ராஜன் செத்து விழுகிறான். ராஜனாக வருகிறவர் சிவாஜி கணேசன்! 'பராசக்தி' வெளியாகி ஒன்றரை வருஷந்தான் ஆகியிருந்தது. அப்பேர்ப்பட்ட கதாநாயகனை முதல் காட்சியிலேயே பிணமாக்கிவிட்டுக் கதை சொல்லத் தொடங்குகிறார்கள். ரகசியப் போலீஸ் அதிகாரி சிவானந்தமாக ஜாவர் சீதாராமன் வருகிறார். திரைக்கதை வசனமும் அவருடையதே. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசை நாயகி என்று ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ராஜனைச் சொல்லி, வேறொருவர் பக்கம் விரலை நீட்டுகிறார்கள். கடைசியில், கொன்றவள் அவன் மனைவி உஷாதான் என்று தெரிய வருகிறது. பண்டரிபாய் உஷாவாக நடித்தார்.

முடிவை நான் இப்படிப் பட்டென்று உடைத்ததற்காக வாசகர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. படம் வந்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. தவிர, உடைத்தால்தான் என் கட்சியைப் பேச முடியும்.

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த தோல் மண்டிக்காரர் ஒருவர் உண்டு. பரம்பரையாக அந்தத் தொழில். அவரும், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் சாயங்கால வேளைகளில் மண்டித் திண்ணையில் உட்கார்ந்து பழைய படங்களைப் பற்றிக் கட்சி கட்டிக் கொண்டு வாதாடுவார்கள். ஒரு நாள் பேச்சு 'அந்த நாள்' பக்கம் திரும்பியது.

"நான் படம் பாக்கறதுக்கு முன்னாலேயே பெண்டாட்டிதான் கொன்னாள்னு ஒருத்தன் சொல்லித் தொலைச்சுட்டான், பாய். அதுக்கப்புறம் அதிலே என்ன ருசி?" என்று அலுத்துக் கொண்டார் வாத்தியார்.

பாய் சிரித்தார். "நல்லா இருக்கே உங்க நியாயம், வாத்தியாரே! தோலை மேலே தடவிப் பாத்து விலை பேசறவன் மோசம் போவான். ஓரத்திலே ஒரு கீறு கீறி, வெட்டுவாயைப் பாக்கணும். நடு மட்டும் பட்டைச் சத்து இறங்கியிருக்கா, இல்லே மேலே மட்டும் நிறம் புடிச்சு உள்ளே பச்சையா இருக்கான்னு அப்பத்தான் தெரியும். படமும் அப்படித்தான். வெட்டின பிறகு பாருங்க!"

தோல் தொழிலை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் குரோமிய முறையும் சுழலும் மர டிரம்முகளும் பரவுவதற்கு முன்னால், தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிர் களைந்து, சதை சீவி, பிறகு ஆவாரம் பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊற வைத்துக் கடுக்காய் நீரில் முடிப்பார்கள். சாறு மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் பதப்படும். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். குட்டு வெளிப்படுவது வெட்டும்போதுதான்.

பாய் சொன்ன இந்த அளவுகோலை வைத்துக் கொண்டு சில படங்களைக் கீறிப் பார்க்கலாம்.

முதலில், மறைப்பது அவசியந்தானா? பிரெஞ்சு டைரக்டர் த்ருஃபோவுடன் 1962-ல் நடத்திய நீண்ட சம்பாஷணையில் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொன்னார். இரண்டு பேர் பேசிக் கொண்டிருக்கும் மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது. ரஸிகனுக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில விநாடித் திடுக்கிடல். முன்னதாகவே தெரிந்திருந்தால், அவர்கள் பேசும் வெறும் பேச்சைக்கூட அவன் பதைபதைப்போடு கேட்பான். இதே பாலசந்தர் 1964-ல் எடுத்த 'பொம்மை' இந்தச் சூத்திரத்துக்கு நம் ஊர் உரை. பொம்மைக்குள் குண்டு இருப்பது நமக்குத் தெரியும். பொம்மை கைமாறிக் கைமாறி ஊர் சுற்றும்போது நம் மனசும் கூடவே அலைகிறது. ஆகவே ரகசியம் இல்லாமலும் பதைப்பு உண்டாகும் என்பது நிச்சயம். ஆனால் குண்டின் கதை முடிந்ததும் நம் பதைப்பும் முடிந்து விடுகிறது. கெட்டிக்காரப் படந்தான். வெட்டுவாயில் மட்டும் லேசாகப் பச்சை தெரிகிறது.

பாட்டு இருந்தால் மர்மம் கெட்டுவிடும் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அதே 1964-ல் வந்த 'புதிய பறவை' அந்த வாதத்தை முறியடித்து விட்டது. அதில் பாட்டுக்குக் குறைவே இல்லை. மூலம் தமிழும் அல்ல. 1963-ல் வந்த 'சேஷ் அங்க' என்ற வங்காளிப் படம். இருந்தும் நிற்கிறது. ஏன்? முதல் தடவை பார்க்கும்போது, செத்துப்போன மனைவி என்று சொல்லிக் கொண்டு வந்திருப்பவள் யார் என்று தவிக்கிறோம். இரண்டாம் தடவை, கொன்றவன் கோபாலேதான் என்பது தெரியும். இப்போது அவன் ரயிலைக் கண்டு நிலைகுலைவதும், சந்தோஷத்துக்காக ஏங்குவதும் வேறு அர்த்தம் கொடுக்கின்றன. முன்பு அவனுக்காகப் பயந்தோம். இப்போது அவனைப் பார்த்து இரக்கப்படுகிறோம். குற்றவாளி என்று தெரிந்தே இரக்கப்பட வைப்பது சாமானியக் காரியமா?

'அந்த நாள்' இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அதைச் சரியாகக் காண, கதை நடக்கும் காலத்தை நினைத்துக் கொள்ள வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும், பிறகு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னை கிடுகிடுத்துக் காலியாயிற்று. ஹைக்கோர்ட் கோயமுத்தூருக்குப் போயிற்று. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறி உள்நாட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கள் வீட்டு மாடியில் சென்னைக் குடும்பம் ஒன்று ஐந்தாறு மாதம் தங்கியிருந்ததாகத் தம் தகப்பனார் சொல்வார் என்று பாய் சொன்னார். மறு வருஷம், 1943 அக்டோபரில், சென்னை மேலேயே ஜப்பானியக் குண்டு விழுந்தது. படத்தின் கதை அந்தச் சமயத்தில் நடக்கிறது.

அதே அக்டோபர் 21-ம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஆஸாத் ஹிந்த் சர்க்காரைப் பிரகடனம் செய்தார். அவருடைய படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்களை யாராவது துரோகிகள் என்று சொல்ல நாக்கு எழுமா? ஜப்பானோடு கை கோத்தவர்கள் எல்லாரும் ஒரே ஜாதியல்ல என்பது அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் முன்னால்தான் ராஜன் வந்து நிற்கிறான். ஏழைக்கும் எட்டும் விலையில் ரேடியோ செய்ய நினைத்தவன். அதிகாரிகளால் உதாசீனம் செய்யப்பட்டவன். அந்தக் கசப்பில் ஜப்பானுக்கு உளவு சொல்லத் துணிந்தவன். நேதாஜியின் சிப்பாய் நாட்டுக்காக ஜப்பானோடு சேர்ந்தான். ராஜனோ தன் மனப்புண்ணுக்காகச் சேர்ந்தான். அவன் வஞ்சம் தீர்ப்பது வெள்ளைக்காரனிடம் என்றாலும், குண்டு விழுவது என்னவோ சென்னை ஜனங்களின் தலையில்தான்.

உஷாவோ தேசபக்தியில் ஊறியவள். அவனை மனசார நேசித்துக் கைப்பிடித்தவள். காட்டிக் கொடுப்பதா, மூடி மறைப்பதா? தாலியா, ஊரா? கொலையாளி யார் என்ற கேள்வி தீர்ந்த நிமிஷத்தில் இந்தப் பெரிய கேள்வி பிறக்கிறது. முதலில் வந்த நான்கு வாக்குமூலங்களும் அப்போது வேறு கனம் பெறுகின்றன. பணம், பொறாமை, ஆத்திரம் என்று வீட்டுக்குள்ளேயே காரணம் தேடினோம். காரணமோ ஊர் முழுவதையும் வளைத்துக் கொண்டு நிற்கிறது.

அகிரா குரோஸாவாவின் 'ராஷோமோன்' படத்தைக் காப்பியடித்து விட்டார்கள் என்று சிலர் சுலபமாகத் தள்ளி விடுகிறார்கள். 1951-ல் வெனிஸில் பரிசு பெற்ற அந்தப் படத்தைப் பாலசந்தர் பார்த்து ஊக்கம் பெற்றது உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தம் மானத்தைக் காப்பாற்றிக் கொள்ளப் பேசுகிறார்கள். உண்மை எது என்று கடைசிவரை தீர்மானமாவதில்லை. இங்கே உண்மை தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த உண்மையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வழி.

படம் வசூலில் சோர்ந்து போனது. பாட்டுக்குப் பழகிய காதுகள் வெறுமையை உணர்ந்திருக்க வேண்டும். விமர்சகர்கள் மெச்சினார்கள், மத்திய சர்க்காரின் நற்சான்றும் கிடைத்தது. காலம் செல்லச் செல்ல மதிப்பு ஏறியது. ஊறுவதற்கு நாள் பிடிக்கிற சரக்கு!

வாத்தியார் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் தடவைத் திகைப்பு ஒரு சந்தோஷம். அதை ஒருவனிடமிருந்து பறிப்பது பாபந்தான். ஆனால் திகைப்பைத் தவிர வேறொன்றும் வைத்திருக்காத படம், பறி கொடுத்ததும் ஏழையாகிவிடுகிறது. உயர்ந்த மர்மப் படம் அப்படியல்ல. மறைத்து வைத்ததைவிட, வெளியே வந்ததன் எடை அதில் அதிகம்.

ராஜனைச் சுட்டவள் யார் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. அவள் செய்தது சரிதானா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வீட்டில், ஒரே சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்த புருஷனும் பெண்சாதியும் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள்.