குவளைக்கு வரி கட்டிய மண்

ஒரு பூவை நடுவதற்கு அரசனிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் உண்டு. பல்லவர் செப்பேடுகளில், தானமாகக் கொடுத்த ஊர்களுக்கு எந்தெந்த வரிகள் தள்ளுபடி என்று பட்டியல் போடும் இடத்தில் ‘குவளைக் காணம்’ என்ற பெயர் வருகிறது. செக்குக்கும் தறிக்கும் வரி இருந்ததுபோல, நீரில் வளர்க்கும் குவளைக்கும் வரி. அந்த அளவுக்கு அது விலைபோன பூ. அந்த வரி நடந்த தொண்டைமண்டலத்தின் வட எல்லை வேங்கடமலை. எல்லைக்கு உள்ளே, சித்தூரை அடுத்து, பாகுதா நதிக்கரையில் இருக்கிறது எங்கள் காணிப்பாக்கம்.

ஊருக்கு வருகிறவர்கள் கிணற்றுக்குள் எழுந்தருளிய வரசித்தி விநாயகரைப் பார்க்க வருகிறார்கள். கோயிலை முதலாம் குலோத்துங்க சோழன் கட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. நான் இங்கே சொல்ல வந்தது அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளின் கொல்லைகளைப் பற்றி. அல்லி, குவளை, காந்தள், மழை லில்லி, சிவப்பு லில்லி என்று இங்கே வளர்ந்தவற்றுக்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது. தாவரவியல் கணக்கில் இவை ஒரே குடும்பம் இல்லை. அல்லியும் குவளையும் ஒரு குடும்பம்; அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் வெகுதூரம். மழை லில்லியோ வெங்காயத்துக்குச் சொந்தக்காரி. கொல்லையில் வளர்க்கிறவர்களுக்கு மட்டும் எல்லாம் ஒரு வீட்டுப் பெண்கள்தான்.

முதலில் குவளை. திருத்தணி மலையில் இந்திரன் கருங்குவளைக் கொடியை ஒரு சுனையில் நட்டு, அதன் பூவால் முருகனை வழிபட்டான் என்கிறது தலபுராணம். அந்தச் சுனைக்கு இந்திரநீலச் சுனை என்றே பெயர். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றி எழுதப்படும் வரை திருத்தணி எங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. என் அம்மா தலைமுறையினருக்கு ஆடிக் கிருத்திகை என்றால் வேறு மாநிலத்துக்குப் போகும் பயணம் இல்லை, பக்கத்து ஊருக்குப் போவதுதான்.

குவளைக்கு வேண்டியது ஏரி. இந்தப் பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது; மழைநீரைத் தேக்கித்தான் பிழைப்பு. விஜயநகர காலத்தில் திருமலைக் கோயிலுக்கு வந்த காணிக்கைப் பணத்தைக் கோயில் ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் செலவழித்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஏரியில் நெல்லுக்கு நின்ற தண்ணீரில் பூவும் தானாக வந்தது. கோடையில் கிழங்கு சேற்றுக்குள் உறங்கும், மழை விழுந்தால் இலை மேலே வரும். நீலக் குவளை காலை வெயிலில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். ஆம்பல் என்கிற அல்லி அதற்கு நேர் எதிர்: பொழுது சாய்ந்தபின் விரிந்து, மறுநாள் வெயில் ஏறும்போது குவியும். ஒரே ஏரிக்குப் பகல் பூவும் இராப் பூவும் இருந்தன. விநாயக சவிதிக்கு முதல் நாள் சித்தூர் கடைத்தெருவில் இருபத்தொரு வகைப் பத்திரியோடு ‘கலுவ பூலு, கலுவ பூலு’ என்று தெலுங்கில் கூவி, நீண்ட தண்டோடு கட்டுக்கட்டாக விற்பார்கள்.

போர் போட்டு ஆழத்துத் தண்ணீரை எடுக்கத் தொடங்கிய பிறகு ஏரியை யாரும் நம்பவில்லை. வரவுக்கால் தூர்ந்தது, வண்டல் ஏறியது. ஓராண்டுக் கோடையைத் தாங்கும் கிழங்கு, வருடக்கணக்கான வறட்சியைத் தாங்கவில்லை. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடிய அந்தப் பெருமழையில் எங்கள் பக்கத்து ஏரிகளும் நிரம்பின. அடுத்த சில மாதங்களில், பூவே இல்லாமல் போனதென்று நாங்கள் நினைத்திருந்த ஒரு ஏரியின் ஓரத்தில் சிவப்பு ஆம்பல் தலைகாட்டியது. மண்ணில் உயிர் இருந்திருக்கிறது; இல்லாமல் போனது தண்ணீர்தான்.

அடுத்தது காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதல் பூ காந்தள், இரண்டாவது ஆம்பல். மலையும் நீரும் முன்னே வந்து நிற்கின்றன. எங்கள் ஊரில் காந்தளை யாரும் கொல்லைக்குள் நட்டதில்லை. கற்றாழையும் காரையும் மண்டிய வேலியில் ஆடி மழைக்குத் தானாக முளைக்கும். ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு ஒரு பற்றுக்கம்பியாகி, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏறும். மொட்டு பச்சையாகத் தொங்கும். விரியும்போது இதழ் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாள் போகப்போக முழுவதும் சிவந்துவிடும். சூல்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், தன் மகரந்தம் தன்மேல் படாமல் விலகி நிற்பதற்காக.

அதன் கிழங்கு கலப்பை வடிவம். முழுச் செடியும் நஞ்சு. அதனால்தான் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அதை விடவில்லை. அந்த நஞ்சிலிருக்கும் கொல்கிசின்தான் கீல்வாத மருந்து. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்தில் காந்தளைப் பயிராகவே வைத்து, காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு, விதை எடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். செடியின் குரோமோசோமை இரட்டிப்பாக்க இந்தக் கொல்கிசின் உதவும் என்பது 1937-ல் தெரியவந்தது. இன்று நர்சரியில் பெரிய இதழோடு நிற்கும் கலப்பு லில்லிகள் பலவற்றுக்குப் பின்னால் அந்தக் கண்டுபிடிப்பு இருக்கிறது. எங்கள் வேலிக் கொடியிலும் அதே பொருள்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னவை கோயில் பூவும் வேலிப் பூவும். வெறுமனே பார்த்து மகிழ்வதற்கென்று கொல்லையில் ஒரு பூச்செடி வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் பெரிதாக இருந்ததில்லை. தோட்டம் என்றால் நந்தவனம். இராமானுசர் சொல்லுக்காகத் திருமலையில் தனியாகத் தங்கி, ஏரி வெட்டி, பூந்தோட்டம் போட்ட அனந்தாழ்வான் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஏரி வெட்டும்போது அவர் வீசிய கடப்பாரை இன்றும் கோயில் வாசலில் இருக்கிறது. திருமலையில் பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கே. அங்கே பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. தொடுக்க வராத, மணமும் பெரிதாக இல்லாத பூவுக்கு இந்த உலகத்தில் இடம் எது?

அந்த இடத்தை உண்டாக்கியது கடல் கடந்து வந்த லில்லிகள். 1911-ல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் சித்தூர். கலெக்டர் கச்சேரி, கோர்ட், துரைமார் பங்களாக்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு லால்பாக். சென்னையில் 1835-ல் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் முன்னின்று தோட்டக்கலைச் சங்கம் அமைத்தார். ரங்கய்யா, கோவிந்து என்ற நம் ஓவியர்களைக் கொண்டு தென்னாட்டுச் செடிகளைப் படமாக்கியவர் அவர். நம் மலைகளில் இயற்கையாக வளரும் உண்மையான லில்லியான நீலகிரி லில்லிக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் அவர்தான்.

என் தாத்தாவின் அப்பா சித்தூர் கோர்ட்டில் குமாஸ்தா. ஒரு பங்களாத் தோட்டக்காரர் கொடுத்த கிழங்கை ஈரத் துணியில் சுற்றி, மாட்டுவண்டியில் காணிப்பாக்கம் கொண்டுவந்தார் என்பது எங்கள் வீட்டில் சொல்லிவரும் கதை. எக்காளம் போலச் சிவப்புப் பூ, ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஒரு வெள்ளைக் கோடு. அது ஜான்சன் லில்லி. 1799-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரில், ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரக்காரர் தென் அமெரிக்க இனங்கள் இரண்டைக் கலந்து அதை உண்டாக்கினார். பின்னாளில் அவருடைய கண்ணாடிக்கூடம் அழிந்துபோனது. அதற்கு முன்பே லிவர்பூல் தாவரவியல் பூங்காவுக்குக் கன்றுகளைக் கொடுத்திருந்ததால் பூ பிழைத்தது. கொடுத்ததால்தான் அது உலகில் மிஞ்சியது. எங்கள் ஊரில் மிஞ்சியதும் அப்படியே. சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் இலைக்கு முன்னால் பூத்தண்டு கிளம்பும். பூ முடிந்தபின் பக்கக் கன்றுகளைப் பிரித்து என் அவ்வா (பாட்டி) தெருவுக்கே கொடுப்பார். கல்யாணமாகிப் போன பெண்கள் மடியில் எடுத்துப் போனார்கள். மழை பெய்த சில நாளில் தரையெல்லாம் பூக்கும் மழை லில்லியும், எட்டுக்கால் பூச்சி போல இதழ் நீட்டும் வெள்ளை லில்லியும் இதே வழியில் தெருத்தெருவாகப் பரவின. யாரும் காசு கொடுத்ததில்லை.

வந்தவளும் இருந்தவளும் உறவாகிவிட்டார்கள் என்பதற்கு ஒரு புழுவே சாட்சி. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த அந்தக் கம்பளிப்பூச்சி காலங்காலமாகக் காந்தள் இலையைத் தின்று வாழ்வது. அதன் அந்துப்பூச்சிக்கு அறிவியலார் வைத்த பெயரிலேயே காந்தளின் பெயர் இருக்கிறது. இன்று அது ஜான்சன் லில்லியையும் எட்டுக்கால் லில்லியையும் அதே ஆசையோடு தின்கிறது. குஞ்சுப் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருக்கும். விடியற்காலையில் அந்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டால் போதும். தப்பியவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்.

இப்போது நர்சரிகளில் ஹாலந்துக் கிழங்குகள் கிடைக்கின்றன. குளிரூட்டிப் பதப்படுத்தி அனுப்புவதால் முதல் வருடம் கண்ணைப் பறிக்கும்படி பூக்கும். மறு வருடம் அந்தக் குளிரைக் கேட்கும். சித்தூர் வெயில் அதை எங்கே போய்க் கொண்டுவரும்? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அவை வாழட்டும். இந்தச் செம்மண்ணுக்கு ஏற்றவை எவை என்பதை நூறு வருடத்துக் கைமாற்றம் ஏற்கெனவே சலித்துக் கொடுத்திருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. பழைய வீடு இடிபடும் முன் அதன் கொல்லையைப் பாருங்கள். லில்லிக் கிழங்கு இருந்தால் எடுத்து, கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். வீட்டில் இடமிருந்தால் ஒரு சிமென்ட் தொட்டியில் ஒரு சாண் ஏரி வண்டல் போட்டு, தண்ணீர் நிரப்பி, நல்ல வெயிலில் ஒரு நீலக் குவளைக் கிழங்கு வையுங்கள்; கொசுவைத் தின்னச் சிறு மீன்களும் விடுங்கள். வேலியில் காந்தள் முளைத்தால் வெட்டாதீர்கள், குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் மட்டும் தள்ளி வையுங்கள். ஊர் ஏரியின் வரவுக்காலைத் தூர் வாரும் நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். கன்று பிரியும்போது பக்கத்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். குவளை ஒரு காலத்தில் வரி கட்டி வளர்த்த பூ. இன்று அதற்கு வரி இல்லை. வளர்க்க ஆள்தான் வேண்டும்.